ஒரிஜினல் அண்ணாச்சி

அண்ணாச்சியின் மணிபர்சைத் திறந்தால் முதலில் குலசாமி படம், அதற்குப் பின்னால் ஒரு தபால்தலை. 2005-இல் அஞ்சல் துறை நாட்டு நாய்களுக்கென்று நான்கு தபால்தலைகள் வெளியிட்டதே, முதோல், ராம்பூர், இமயமலை மேய்ச்சல் நாய், ராஜபாளையம் என்று, அதில் நம்மூர்க்காரன் மட்டும் பர்சில் குடியிருப்பான். எந்தக் குட்டியைப் பார்க்கப் போனாலும் தபால்தலையை அதன் மூஞ்சிக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி ஒப்பிட்ட பிறகுதான் தீர்ப்பு: "ஒரிஜினல்." இல்லையென்றால், "கலப்பு." மூன்றாவதாக ஒன்று அவர் வாயிலிருந்து வந்ததில்லை.

காவலுக்கு ஒரு குட்டி எடுக்கலாம் என்று நானும் மனைவியும் ராத்திரிதான் பேசிக்கொண்டோம். காலையில் அண்ணாச்சி வாசலில் நிற்கிறார். "தனியாப் போனீங்கன்னா சுண்ணாம்பு அடிச்சு வித்துருவானுவ தம்பி. நான் வாரேன்."

ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு. பெண் பார்க்க, மாடு பிடிக்க, பழைய புல்லட் வாங்க என்று துறைதான் மாறும். பஸ் டிக்கெட்டும் மத்தியானப் பரோட்டாவும் எல்லாத் துறையிலும் நம் கணக்கு.

ராஜபாளையத்தில் இறங்கியதும் அவருக்கு 'வேண்டப்பட்ட பையன்' ஒருவனின் தகரக் கொட்டகைக்குப் போனோம். கூண்டில் ரோஸ் மூக்கோடு நாலு வெள்ளைக் குட்டிகள். நாற்பத்தைந்து நாள் ஆகிறது என்றான். வயிற்றைத் தரையில் தேய்த்துக்கொண்டு அவை தள்ளாடியதைப் பார்த்தால் அதில் பாதிதான் தேறும். எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கக்கூடாது என்று 2017-லேயே மத்திய அரசு விதி போட்டிருக்கிறதே என்று முனகினேன்.

"விதியெல்லாம் பொமரேனியனுக்குத் தம்பி."

தாய் எங்கே என்று கேட்டேன். "தோட்டத்துல." தகப்பன்? "அதுவும் தோட்டத்துலதான்." தோட்டம் எங்கே என்று கேட்பதற்குள் அண்ணாச்சி பரீட்சையை ஆரம்பித்துவிட்டார். பிடரியைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். நகங்களை எண்ணினார், ஒரு காலை இரண்டு தடவை. அந்த நேரம் பார்த்து ரோட்டில் ஒரு லாரி ஏர் ஹாரனை அலறவிட்டது. மூன்று குட்டிகள் பதறிப்போய் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. நாலாவது, அட்டைப்பெட்டி ஓரத்தில், தூக்கம் கலையாமல் கிடந்தது.

அண்ணாச்சிக்குப் புல்லரித்துவிட்டது. "பாத்தீங்களா! லாரிக்கே அசையல. ராஜாமாரு கூட வேட்டைக்குப் போன ரத்தம்லா. பயம்னா என்னன்னே தெரியாது. முடிச்சிருங்க."

அன்றைக்கு என் போனில் மட்டும் சிக்னல் இருந்திருந்தால் முடித்திருப்பேன். பணம் போகாமல் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. ரொக்கமாகக் கொண்டு வாருங்கள் என்றான் பையன். ஏ.டி.எம். தேடிப் போன வழியில் டீக்கடைக்காரர்தான், சஞ்சீவி மலைப் பக்கம் ரிட்டயர்டான டீச்சர் ஒருவர் வீட்டில் விசாரிக்கச் சொன்னார்.

டீச்சரம்மா கேட்டைத் திறக்கவே இல்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றபடி வாய்மொழித் தேர்வு. சொந்த வீடா? சுற்றுச்சுவர் எவ்வளவு உயரம்? பகலில் வீட்டில் யார் இருப்பார்கள்? நாள் முழுக்கக் கட்டிப்போடுவீர்களா? அண்ணாச்சிக்குப் பொறுக்கவில்லை. "குட்டியக் காட்டுங்கம்மா. காசு குடுக்கறவுக நாங்கல்லா கேள்வி கேக்கணும்?"

"நீங்க என்ன நாய் வளக்கீங்க?" என்றார் டீச்சர்.

இருபது வருஷச் சேவையில் இந்தக் கேள்வியை அவரிடம் யாருமே கேட்டதில்லை. "வீட்டுக்காரிக்கு... ரோமம் ஒத்துக்காது."

ஒருவழியாக உள்ளே விட்டார். தாய் நாய் எங்களுக்கும் குட்டிகளுக்கும் நடுவில் வந்து நின்றது. குரைக்கவில்லை, வாலையும் ஆட்டவில்லை. மஞ்சள் கண்ணால் அண்ணாச்சியை மட்டும் அளந்துகொண்டிருந்தது. டீச்சர் சமையலறையிலிருந்து எவர்சில்வர் தட்டும் கரண்டியும் எடுத்து வந்து, குட்டிகளுக்குப் பின்னால் போய் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். ஐந்து குட்டிகள் விசுக்கென்று திரும்பின. ஆறாவது தன்பாட்டுக்குத் தன் காலை நக்கிக்கொண்டிருந்தது.

"இவனுக்குக் காது கேக்காது. வெள்ளை நாய்ல இது வரும். நிறம் குடுக்குற செல்லு உள்காதுல இல்லாமப் போனா இப்படித்தான். இவனை யாருக்கும் குடுக்க மாட்டேன், இங்கயே இருப்பான். இந்த ஜோடியையும் இனிமே சேக்கப்போறதில்ல."

அண்ணாச்சி கையில் எடுத்த தபால்தலை மெதுவாகப் பர்சுக்குள் திரும்பியது. லாரி ஹாரன் எங்கள் இருவருக்கும் அப்போதுதான் கேட்டது.

குட்டி கிடைக்கவில்லை. ஐந்தும் பேசி முடித்தவையாம். "சுவரை ரெண்டடி உசத்திட்டு ஒரு போன் போடுங்க. வேற ஈத்து வாறப்போ பாப்போம்" என்று அனுப்பிவிட்டார்.

திரும்பும் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் வரை அண்ணாச்சி வாய் திறக்கவில்லை. அங்கே கால் கிலோ பால்கோவா வாங்கினார், என் கணக்கில். பஸ் கிளம்பியதும் பக்கத்து சீட்டுக்காரர், வீட்டுக்கு ஒரு நாய் பார்க்க வேண்டும் என்று போனில் யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"போறப்போ ஒரு தட்டு கரண்டி எடுத்துக்கிடுங்க சார். இருபது வருஷமாச்சு, தட்டிப் பாக்காம நான் யாருக்கும் குட்டி எடுத்துக் குடுத்ததே இல்ல. நம்மளக் கேள்வி கேக்காதவன் வீட்டு வாசப்படி ஏறவே மாட்டேன். எதுக்கும் தனியாப் போவாதீங்க..."

டிரைவர் ஹாரன் அடித்தார். அண்ணாச்சி திடுக்கிட்டுத் திரும்பினார்; கண் நேரே என் மேல்தான் வந்து நின்றது. நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டேன்.