படியேறி வருவோரின் சட்டம்

மரம் அறுக்கும் செயின்சாவுக்கென்றே தனிச் சட்டம் எழுதிய நாடு பிலிப்பைன்ஸ். குடியரசுச் சட்டம் 9175 என்று அதற்குப் பெயர். 2002 நவம்பரில் அன்றைய அதிபர் குளோரியா மகபகால் அரோயோ அதில் கையெழுத்திட்டார். துப்பாக்கிக்கு உரிமம் கேட்கும் அரசுகள் நிறைய. கையால் தூக்கிச் செல்லும் ரம்பமும் ஆள் கொல்லும் என்று உணர்ந்து, அதை வைத்திருக்கவும் விற்கவும் இறக்குமதி செய்யவும் தனித்தனியாக அனுமதி வேண்டும் என்று விதித்த அரசுகள் சிலவே. அந்தத் தொலைநோக்கைப் போற்றாமல் இருக்க முடியாது.

ஆள் கொல்லும் என்பது மிகையல்ல. 1991 நவம்பர் 5 அன்று லெய்தே தீவின் ஓர்மோக் நகரின் மேல் புயல்மழை கொட்டியது. மேலே மலைச்சரிவுகளில் தண்ணீரைப் பிடித்து வைக்கக் காடு இல்லை. காடு போன இடத்தில் கரும்பு நின்றது. சில மணி நேரத்தில் ஆறு ஊருக்குள் வந்தது. செத்தவர்கள் ஐயாயிரம் பேர் வரை என்று கணக்கு. அந்த ஊரை அறிந்தவர் எவரும் ரம்பத்துக்கு எதற்குச் சட்டம் என்று கேட்கமாட்டார். ஓர்மோக் நடந்து பதினொரு ஆண்டுகளில் சட்டம் வந்துவிட்டது. நிதானமாக, எல்லாவற்றையும் யோசித்து வந்தது.

எல்லாவற்றையும் யோசித்தது என்பதற்கு, செயின்சா என்றால் என்ன என்று அது தரும் விளக்கமே சாட்சி. மின்சாரத்திலோ எஞ்சினிலோ ஓடும், கையில் எடுத்துப் போகக்கூடிய, மரம் வெட்டப் பயன்படக்கூடிய எந்த ரம்பமும் செயின்சாதான். காட்டின் நடுவே நூறு வயது மரத்தைச் சாய்க்கும் பெரிய பெட்ரோல் ரம்பமும், முருங்கைக் கிளை கழிக்க வாங்கும் சாண் நீள பேட்டரி ரம்பமும் இந்தச் சட்டத்தின் முன் சமம். பெரியவன் சிறியவன் என்ற பாகுபாடு அதற்குக் கிடையாது. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்ற கொள்கையை ரம்பங்கள் வரைக்கும் கொண்டுபோன பெருமை அதற்கு உண்டு.

இந்தச் சட்டத்தின் முழு அழகையும் பார்க்க ஆசைப்படுபவர்கள் ஒரு வெளிநாட்டவரின் பின்னால் போக வேண்டும். பணி ஓய்வுக்குப் பிறகு பிலிப்பைன்ஸ் பெண்ணை மணந்து, போஹோலிலோ நீக்ரோஸிலோ கடலோரத்தில் தோட்டத்தோடு வீடு கட்டிக் குடியேறியவர்கள் நிறையப் பேர். தோட்டத்தில் மா, பலா, தென்னை. கிளைகள் கூரைமேல் சாய்கின்றன. ஒரு செயின்சா இருந்தால் நல்லது.

வெளிநாட்டவர் ரம்பம் வைத்திருக்கக் கூடாது என்று சட்டத்தில் ஒரு வரியும் இல்லை. அந்தப் பெருந்தன்மையை முதலில் சொல்லிவிட வேண்டும். யார் யார் வைத்திருக்கலாம் என்பதற்கு ஐந்து வாசல்களைத் திறந்து வைத்திருக்கிறது. மரம் வெட்ட அரசோடு ஒப்பந்தமோ தனியார் நிலத்துக்கான அனுமதியோ பெற்றவர், பழத்தோட்ட விவசாயி, தொழில்முறையில் மரம் வளர்ப்பவர், உரிமம் பெற்ற மரப்பட்டறைக்காரர், இவர்களோடு ஐந்தாவதாக, சட்டப்படியான காரியத்துக்குப் பயன்படுத்துபவர். ஐந்தாம் வாசலைவிட அகலமான வாசல் எந்தச் சட்டத்திலும் இருக்காது. எந்தக் காரியம் சட்டப்படியானது, அதை எப்படி நிரூபிப்பது என்பதை அங்கே உட்கார்ந்திருக்கும் அதிகாரி முடிவு செய்துகொள்ளலாம். ஒவ்வொரு அலுவலகத்துக்கும் அவரவர் அறிவைப் பயன்படுத்த இவ்வளவு இடம் கொடுத்திருப்பது நம்பிக்கையின் அடையாளம்.

நம் வெளிநாட்டவர் பழத்தோட்ட விவசாயி என்ற வாசலில் நிற்கிறார். தோட்டம் யாருடையது? 1987-ஆம் ஆண்டு அரசியல் சாசனப்படி, வாரிசுரிமையாக வந்தால் தவிர, வெளிநாட்டவர் நிலம் வாங்க முடியாது. பத்திரத்தில் மனைவியின் பெயர்தான் இருக்கிறது. ஆகவே விவசாயி அவர், விண்ணப்பதாரரும் அவர், ரம்பத்தின் உரிமையாளரும் அவரே. கணவரிடம் விசா இருக்கும், அடையாள அட்டை இருக்கும், மரமேறும் தெம்பும் இருக்கும். இருந்தும் மனைவி கையெழுத்துப் போடாமல் ஒரு மாங்கிளை விழாது. கணவர் கையில் ரம்பம் ஓடும்போது அதை வைத்திருப்பவர் யார், இயக்குபவர் யார் என்ற கேள்விக்கு விடை தேடியே அந்தக் குடும்பம் நாட்டின் சட்டங்களையெல்லாம் படித்துவிடும். குடிமக்களைச் சட்டம் படிக்க வைக்கும் சட்டம் அரிது. அந்நியரையும் படிக்க வைக்கும் சட்டம் அதைவிட அரிது.

அடுத்தது வரிசை முறை. கடைக்காரருக்கு விற்க அனுமதி வேண்டும். வாங்குபவருக்கு வாங்க அனுமதி வேண்டும். வாங்கிய பிறகு வட்டாரச் சுற்றுச்சூழல் அலுவலகத்தில் பதிய வேண்டும். அங்குள்ளவர்கள் அதை ‘சென்ரோ’ என்பார்கள். நோட்டரி முன் கையெழுத்திட்ட விண்ணப்பம், கடை ரசீது, எஞ்சினின் அளவு விவரம், நிலத்துக்கான சான்று என்று கட்டு சேரும். அதில் ஒரு காகிதத்தைக் கிட்டப் போய்ப் பார்க்க வேண்டும். எஞ்சின் உடலில் பொறித்திருக்கும் தொடர் எண்ணை எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, அதன்மேல் மெல்லிய தாளை வைத்து, பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்க்கிறார்கள். சாம்பல் நிறத்தில் தாள் நிறைய, நடுவே எண்கள் வெள்ளையாக எழும்பி வருகின்றன. நம் ஊரில் வண்டியை எஃப்சிக்குக் கொண்டுபோகும்போது சேசிஸ் நம்பர் எடுப்பது போலத்தான். ஒரு எண் சரியாக விழவில்லை என்றால் மறுபடி தேய்க்க வேண்டும். இவ்வளவு கவனத்தோடு தயாரான தாள் கோப்பில் ஏறுகிறது. இரண்டு ஆண்டு முடிந்ததும் பதிவைப் புதுப்பிக்க மறுபடியும் அலுவலகம் போக வேண்டும்.

அந்த எண்ணைப் பார்க்கும் அலுவலர்களின் உழைப்பைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அந்த வட்டாரத்தில் எந்த ரம்பம் எந்த வீட்டில் எந்தக் கொட்டகையில் இருக்கிறது என்பது அவர்களுக்குத் துல்லியமாகத் தெரியும். படியேறி வந்து சொன்னவர்களின் ரம்பம் எல்லாம் தெரியும். பழத்தோட்ட விவசாயியையும் அவர் கணவரையும் அவர்கள் மாமரத்தையும் இந்த அளவுக்கு அறிந்து வைத்திருக்கும் துறை பாராட்டுக்குரியது.

ரம்பம் வந்துவிட்டது என்பதால் மரத்தை வெட்டிவிட முடியாது. ரம்பத்துக்கு ஒரு அனுமதி, மரத்துக்கு வேறு அனுமதி. தென்னை என்றால் அலுவலகமும் வேறு. 1995-ஆம் ஆண்டின் தென்னைப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தென்னை ஆணையத்திடம் ஒப்படைத்திருக்கிறது. நெட்டை ரகம் என்றால் அறுபது வயது, குட்டை என்றால் நாற்பது வயது ஆகியிருக்க வேண்டும். அல்லது நோய், புயல், இடி போன்ற காரணம் வேண்டும். ஒரு மரத்துக்கு 100 பெசோ கட்டணம். ஈடாகக் கன்று நட்டிருக்கவும் வேண்டும். ஏழை விவசாயியின் வாழ்வே தென்னைதான் என்று அறிந்து எழுதிய விதிகள் இவை. அவற்றின் அக்கறையில் சந்தேகமே இல்லை. இரண்டு துறைகள் ஒரே தோட்டத்தின்மீது அக்கறை வைத்திருக்கின்றன. ஒன்றின் அக்கறை மற்றதன் கோப்பில் கலப்பதில்லை.

இனி தண்டனைப் பிரிவு. சட்டத்தின் உள்ளம் தெரிவது அங்கேதான். அனுமதியில்லாமல் செயின்சாவை வாங்கினாலோ விற்றாலோ வைத்திருந்தாலோ நான்கு ஆண்டு இரண்டு மாதம் ஒரு நாள் முதல் ஆறு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 முதல் 30,000 பெசோ வரை அபராதம், அல்லது இரண்டும். அதைச் சட்டவிரோதமாக ஓட்டினால் ஆறு ஆண்டு ஒரு நாள் முதல் எட்டு ஆண்டு வரை. கடுமைதான். காட்டைக் காக்கக் கடுமை வேண்டும்.

அதே பிரிவில் இறக்குமதியாளருக்கும் தயாரிப்பாளருக்கும் ஒரு வரி இருக்கிறது. அனுமதியில்லாமல் செயின்சாக்களை நாட்டுக்குள் கொண்டுவந்தால் அல்லது தயாரித்தால் ஒரு மாதம் முதல் ஆறு மாதம் வரை சிறை, 1,000 முதல் 4,000 பெசோ வரை அபராதம். ரம்பத்தின் தொடர் எண்ணை அழித்தவருக்கும் அதே தண்டனைதான். ஒரே ஒரு ரம்பத்தைக் கொட்டகையில் வைத்திருந்தவருக்கு ஆறு ஆண்டு வரை; கப்பலில் கொண்டுவந்து இறக்கியவருக்கு அதிகபட்சம் ஆறு மாதம். தொழில் செய்பவரின் நேரம் விலை உயர்ந்தது என்பதை இவ்வளவு தெளிவாக உணர்ந்து மதித்த சட்டத்தை நான் வேறெங்கும் படித்ததில்லை. பென்சிலால் தேய்த்து எடுத்த அந்த எண்ணையே சுரண்டி எறிந்தவனிடமும் இதே கருணை காட்டியிருக்கிறது. அந்தக் கருணையில் ஒரு பங்கு கொட்டகைக்காரருக்கும் கிடைத்திருக்கலாம்.

இது வெறும் காகிதக் கணக்கு அல்ல. 2013 நவம்பரில் யோலாண்டா புயல் விசாயஸ் தீவுகளைக் கடந்தபோது சுமார் 3.3 கோடி தென்னைகள் விழுந்தன அல்லது சேதமாயின. விழுந்த மரத்தை உடனே அறுத்து அகற்றாவிட்டால் தென்னையைத் தின்னும் வண்டு அதிலே பெருகி, மிஞ்சிய மரங்களையும் பிடிக்கும். அறுத்துவிட்டாலோ வீடு கட்டப் பலகை கிடைக்கும். அப்போது ஊருக்குத் தேவைப்பட்டது ரம்பம்தான். 2021 டிசம்பரில் ஒடெட் புயல் போஹோல், செபு, நீக்ரோஸ் வழியாகப் போனபோதும் அப்படித்தான். சாலையை மறித்துக் கிடக்கும் மரம், கூரைக்குள் இறங்கிய கிளை, பக்கத்து வீட்டு ரம்பம். அதை வாங்கி ஒரு மணி நேரம் ஓட்டியவர் கையிலும் அனுமதியில்லாத ரம்பம்தான் இருந்தது. புயலுக்கு மறுநாள் காலையிலும் சட்டம் தன் சொல்லிலிருந்து அசையவில்லை. அந்த உறுதி வியப்புக்குரியது. கூரையை இழந்தவர்கள் அதைவிட உறுதியாக, எதையும் கேட்காமல் அறுத்தார்கள். அவர்களையும் போற்றத்தான் வேண்டும்.

போற்றுதலில் மிகப் பெரிய பங்கு பலவான் தீவுக்கு உரியது. நாட்டில் மிஞ்சிய பழங்காடுகளில் முக்கியமானவை அங்கே இருக்கின்றன. அந்தத் தீவில் இந்தச் சட்டத்தை நடத்தும் பொறுப்பைத் தனியாக ஒரு வளர்ச்சி மன்றத்திடம் கொடுத்தார்கள். அதோடு நிற்காமல், பலவான் என்ஜிஓ நெட்வொர்க் என்ற அமைப்பின் தொண்டர்களும் காட்டுக்குள் நடந்தார்கள். வழக்கறிஞர் ராபர்ட் சான் வழிநடத்திய குழு அது. குடிமகனும் குற்றவாளியைப் பிடிக்கலாம் என்ற சட்ட உரிமை ஒன்றே துணையாக, துப்பாக்கி இல்லாமல் போய், மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களின் கையிலிருந்து செயின்சாக்களைப் பறிமுதல் செய்தார்கள். நூற்றுக்கணக்கான ரம்பங்கள். அவற்றில் ஒரு குவியலைப் புவெர்ட்டோ பிரின்சேசாவில் உள்ள தங்கள் அலுவலக வளாகத்தில் கிறிஸ்துமஸ் மரம் போல அடுக்கி நிறுத்தினார்கள்.

ஒவ்வொரு ரம்பத்தையும் பதிவு செய்த நாட்டில், நூற்றுக்கணக்கான ரம்பங்களைக் காட்டிலிருந்து சுமந்து வர வேண்டியிருந்தது. சுமந்தவர்கள் சம்பளக்காரர்கள் அல்ல. 2017 செப்டம்பரில் எல் நிடோ பகுதியில், பாரங்காய் எனப்படும் ஊராட்சியின் தலைவர் ரூபன் அர்சாகா மரம் வெட்டுபவர்களைப் பிடிக்கப் போன இடத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். இந்தக் காட்டுக் காவலர்களின் பணியை 2022-இல் ‘டெலிகாடோ’ என்ற ஆவணப்படம் உலகுக்குக் காட்டியது. இத்தகையவர்களைச் சட்டம் மறக்கவில்லை. துப்புக் கொடுப்பவருக்குப் பறிமுதலான ரம்பத்தின் மதிப்பில் 20 சதவீதம் வெகுமதி என்று எழுதி வைத்திருக்கிறது. காட்டில் ஓடித் தேய்ந்த ஒரு பழைய எஞ்சினின் ஐந்தில் ஒரு பங்கு. உயிரைப் பணயம் வைப்பவருக்கு எவ்வளவு தர வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்த்த துணிச்சலைப் பாராட்டுகிறேன்.

நான் இந்தச் சட்டத்தின் பக்கம்தான். ஓர்மோக் இன்னொரு முறை நடக்கக் கூடாது என்று நினைக்கும் எவரும் அதன் பக்கம்தான் நிற்க வேண்டும். வெளிநாட்டவரும் அவர் மனைவியும் பதிய வேண்டியதில்லை என்றும் நான் சொல்லவில்லை, பதியட்டும். சாண் நீள ரம்பத்துக்குச் சிறிய விண்ணப்பம் ஒன்று போதும். விழுந்த மரத்துக்குப் பாரங்காய் அலுவலகமே ஒரு வாரத்துக்கு அனுமதி கொடுக்கலாம். தென்னைக்கும் ரம்பத்துக்கும் ஒரே மேசை போடலாம். இவற்றால் மிச்சமாகும் ஆட்களும் நாட்களும் துறைமுகத்துக்கும் காட்டுப்பாதைக்கும் போகட்டும். கப்பலில் இறக்குபவருக்கான தண்டனை, கொட்டகையில் வைத்திருப்பவருக்கான தண்டனையை எட்டிப் பிடிக்கட்டும்.

இதெல்லாம் அந்தச் சட்டத்தால் முடியாது என்று சிலர் சொல்வார்கள். ஏற்க மாட்டேன். ஒரு மாமரத்தின் சொந்தக்காரரை, அவர் கணவரை, அவர்கள் ரம்பத்தின் எண்ணை, அந்த எண் தாளில் விழுந்த தெளிவை எல்லாம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்க்கத் தெரிந்த சட்டம் அது. படியேறி வந்தவரை இத்தனை நன்றாக அறிந்துகொள்ளும் திறமை உள்ளவர்களுக்கு, படியேறவே வராதவர் காட்டுக்குள் எங்கே நிற்கிறார் என்று கண்டுபிடிக்கும் திறமை இல்லை என்பது நம்பக்கூடிய பேச்சா?