புத்தாண்டு விநாடியின் பெறுமானம்: டேட்டாபேஸ் கழித்தல் பற்றி ஓர் ஒப்பாய்வு

2024 டிசம்பர் 31 இரவு 11:59:59க்கும் 2025 ஜனவரி 1 பிறந்த கணத்துக்கும் இடைப்பட்ட காலம் எவ்வளவு என்பதே இவ்வாய்வின் பொருள். ஒரு விநாடி என்பது பாமரர் கொள்கை. டேட்டாபேஸ்களைக் கேட்டால் அக்கொள்கை எவ்வளவு மேம்போக்கானது என்பது விளங்கும்.

மைஎஸ்க்யூஎல்லில் இரண்டு டேட்டைம் ஃபீல்டுகளுக்கு நடுவே வெறும் கழித்தல் குறி போட்டுக் குவெரியை ஓட்டினால் வரும் விடை 8869764041. எண்ணூற்று எண்பத்தாறு கோடியே சொச்சம். என்ன அலகு என்று கேட்கக் கூடாது, அலகு கிடையாது. தேதியையும் நேரத்தையும் ஒட்டவைத்து 14 இலக்க எண்ணாக்கி, 20250101000000இலிருந்து 20241231235959ஐக் கழித்த மிச்சம் அது. நிமிடத்துக்கு 60 விநாடி என்ற செய்தி அந்தக் கழித்தலுக்கு எட்டவில்லை. 100 என்றே எண்ணிக்கொண்டிருக்கிறது. ஆகவே நிமிடம் மாறும்போது கழியும் ஒரு விநாடிக்கு 40 இனாமாகச் சேர்ந்து 41 கிடைக்கிறது. மணியும் சேர்ந்து மாறினால் 4041. நள்ளிரவைத் தாண்டினால் 764041. உழைப்பு ஒன்றுதான், தாண்டும் வாசலுக்கு ஏற்பக் கூலி ஏறுகிறது.

நிமிடத்தின் நடுவே இருக்கும் விநாடிகளுக்கு இந்த வாழ்வு இல்லை. 10:00:12இலிருந்து 10:00:05ஐக் கழித்தால் ஒழுங்காக 7 வரும். வேலை நேரத்தைக் கணக்கிடும் குவெரியைச் சோதித்தவர் இப்படி ஒன்றைப் போட்டுப் பார்த்து ஒப்புதல் தந்துவிடுவார். குட்டு வெளிப்படுவது சம்பளப் பட்டியல் போடும் அன்று.

எஸ்க்யூஎல் சர்வரின் டேட்டிஃப் வேறு மரபைச் சேர்ந்தது. நம் விநாடியை ஆண்டில் கேட்டால் 1, மாதத்தில் கேட்டால் 1, நாளில், மணியில், விநாடியில் கேட்டாலும் 1. கடந்த காலத்தை அது அளப்பதில்லை. எத்தனை எல்லைக்கோடுகள் தாண்டப்பட்டன என்று எண்ணுகிறது. ஒரு விநாடி வேலை பார்த்தவருக்கு ஓராண்டுப் பணிமூப்பு தரும் இந்த நெறியைத் தொழிற்சங்கங்கள் இன்னும் கவனிக்காதது வியப்பே. ஆரக்கிள் நேர் எதிர்: இரண்டு டேட் மதிப்புகளைக் கழித்தால் நாள் கணக்கில்தான் சொல்லும், 0.00001157 என்று. போஸ்ட்கிரெஸ் 00:00:01 என்கிறது. ஆய்வுக்கு உதவாத விடை.

மைஎஸ்க்யூஎல்காரர்கள் தஞ்சம் புக டைம்டிஃப் உண்டு. ஆனால் அது 838 மணி 59 நிமிடம் 59 விநாடிக்கு மேல் எண்ணாது. வெளியேறும்போது பஞ்ச் வைக்க மறந்து இரண்டு மாதம் கழித்து வருபவருக்கும் அதே 838 மணிதான். டைம்ஸ்டாம்ப்டிஃப்பில் விநாடி என்று அலகைச் சொல்லி, தொடக்கத்தை முன்னும் முடிவைப் பின்னும் கொடுத்தால் 1 வரும்.

இன்னொரு வழியும் 1 தருகிறது. அதே இரு தேதிகளையும் ஃபீல்டில் வைக்காமல் மேற்கோள் குறிக்குள் எழுதிக் கழித்தால், மைஎஸ்க்யூஎல் ஒவ்வொன்றிலும் முன்னால் நிற்கும் எண்ணை மட்டும் பிய்த்து எடுத்து 2025இலிருந்து 2024ஐக் கழிக்கும். கூடவே எச்சரிக்கையும் காட்டும், அதை யார் படிக்கிறார்கள்? ஆண்டின் மற்ற விநாடிகள் அனைத்துக்கும் இம்முறையில் விடை 0.