கிர்ர்... புர்புர்... டப்: ஓர் இலக்கண, மருத்துவ ஆய்வு

சாவியைத் திருப்பியதும் கிளம்புகிற காரில் ஆராய ஒன்றுமில்லை. அறவே அசையாத காரிலும் ஒன்றுமில்லை; பேட்டரியை மாற்றிவிட்டு அவரவர் வேலையைப் பார்க்கலாம். அறிஞர் கவனத்துக்கு உரியது இரண்டுக்கும் நடுவே உள்ள நிலை. கிளம்பப்போவதுபோல் போக்குக் காட்டி, உறுமி, இருமி, அடங்கிவிடும் நிலை அது. ஐதராபாத் பஞ்சாரா ஹில்ஸில், பாறையை வெட்டிப் போட்ட ஒரு சரிவுத் தெருவில், கட்டுரையாளரின் சொந்தக் காரே இதற்கு மாதிரியாக வாய்த்தது. ஆய்வுக் காலம்: ஒரு ஞாயிற்றுக்கிழமை, காலை 7 மணி முதல் 11.40 வரை. நிதியுதவி யாரும் செய்யவில்லை.

முதலில் ஒலியிலக்கணம். கிளம்பாத கார் எழுப்பும் ஒலிகள் மூவகைப்படும். 'டிக்' என்று ஒரு முறை மட்டும் கேட்டால், சோலினாய்டு தன் வேலையைச் செய்துவிட்டது, செல்ஃப் மோட்டார் சுற்றவில்லை என்று கொள்க. 'டிக் டிக் டிக்' என்றால் பேட்டரியில் சரக்கு இல்லை: சோலினாய்டு இழுக்கிறது, வோல்ட் சரிகிறது, விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது. ஓய்வில் சுமார் 12.6 வோல்ட் காட்டும் நல்ல பேட்டரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6-க்குக் கீழே போனால் அதைச் சந்தேகிக்கலாம். மூன்றாவது, நம் ஆய்வுப் பொருளான 'கிர்ர், புர்புர், டப்'.

'டிக் டிக் டிக்' என்பதைப் பிரித்து ஒற்றை டிக் ஆக்கினாலும் பொருள் உண்டு என்று மேலே கண்டோம். ஆகவே அது அடுக்குத்தொடர். 'புர்புர்' பிரிந்தால் பொருள் தராது. ஒற்றைப் 'புர்' கேட்ட மெக்கானிக் எவரும் "இன்னொரு தடவை அடிங்க" என்றுதான் சொல்வார். ஆகவே அது இரட்டைக்கிளவி. தொல்காப்பியர் காலத்தில் கார் என்றால் மேகம்தான். இருந்தும் விதி பிசகவில்லை.

இனி பொருளிலக்கணம். புர்புர் என்றால் சிலிண்டருக்குள் இரண்டு மூன்று முறை நெருப்புப் பற்றியிருக்கிறது. காற்று வந்திருக்கிறது, பெட்ரோல் வந்திருக்கிறது, பிளக்கில் கரண்ட் பாய்ந்திருக்கிறது. அப்புறம் ஏதோ ஒன்று நின்றுவிட்டது. இன்ஜின் பாதி வாக்கியம் பேசி நிறுத்துகிறது. மீதியைச் சுற்றி நிற்பவர்கள் பூர்த்தி செய்கிறார்கள். இந்த மீதிதான் நம் ஆய்வு.

அதற்குமுன் மருத்துவம். இந்த இடத்தில் வள்ளுவரின் மருந்து அதிகாரத்திலிருந்து ஒரு குறளை எடுத்து வைப்பது மரபு. வாசகருக்கு அது மனப்பாடம் என்பதால் விடப்படுகிறது. சித்த மருத்துவத்துக்கு நேராகப் போவோம். வாதம் காற்று, பித்தம் தீ, கபம் நீர். காரில் முறையே ஏர் ஃபில்டர், பிளக், பெட்ரோல். பொருத்தம் அச்சடித்ததுபோல் இருக்கிறது. வேறுபாடு அளவில்தான்: சித்தர்கள் நாடியில் வாதத்துக்கு ஒன்று, பித்தத்துக்கு அரை, கபத்துக்குக் கால் என்று வைத்தார்கள். பெட்ரோல் இன்ஜினுக்கோ எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்கு 14.7 பங்கு காற்று வேண்டும். எனவே கார் பிறவியிலேயே கடும் வாத தேகி. நான்காவதாகக் கம்ப்ரஷன் என்று ஒன்று உண்டு. அதைச் சித்தர்கள் விட்டுவிட்டார்கள்.

வரலாற்றையும் ஒரு வரி பார்த்துவிடலாம். 1912-இல் கேடிலாக் கார்களில் மின்சார ஸ்டார்ட்டர் வருவதற்கு முன் முன்பக்கம் கம்பியைச் செருகி ஆள்தான் சுற்றவேண்டும். அந்த ஆளின் வேலையை இயந்திரம் தானே செய்ததால் அது 'செல்ஃப்' ஆயிற்று. ஆறாவது நிஜாம் 1911-இல் ஆர்டர் கொடுத்த மஞ்சள் நிற ரோல்ஸ் ராய்ஸ் சௌமகல்லா அரண்மனையில் கண்ணாடிபோல் நிற்கிறது. மிகக் குறைந்த தூரமே அது ஓட்டப்பட்டது. காரை நெடுநாள் காப்பாற்ற மன்னர்கள் கண்ட வழி இது. வாடகை வீட்டுக்காரர்களுக்கு உதவாது.

களஆய்வுக்கு வருவோம். காலை 7 மணிக்கு முதல் 'புர்புர்' கேட்டதும் வாட்ச்மேன் வந்து நின்று, "சார், பெட்ரோல் உந்தா?" என்றார். எரிபொருள் முள் கால் டேங்க் காட்டியதால் "உந்தி, உந்தி" என்று சொல்லிக் கட்டுரையாளர் அவரை அனுப்பிவிட்டார். வாட்ச்மேனிடம் கார் கிடையாது. ஆகவே அவர் கருத்து கணக்கில் சேர்க்கப்படவில்லை.

அடுத்து வந்தவர் எதிர்வீட்டு ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. இருபது வருஷம் பத்மினி கார் ஓட்டியவர். "பாயிண்ட்ல கார்பன் பிடிச்சிருக்கு. கழட்டி உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க" என்றார். இந்தக் காரில் பாயிண்டே கிடையாது என்றதும், இல்லாத ஒன்றைத் தேய்க்க மறுக்கும் தலைமுறையைப் பற்றி வருத்தப்பட்டார். டீசல் ஜீப் வைத்திருந்தவர் ஏர் லாக் என்றார். டோலிசௌக்கியில் முன்பு குடியிருந்தவர் ஒருவர், 2020 அக்டோபர் 13 இரவு வெள்ளத்தில் தன் கார் மூழ்கியதை நேற்று நடந்ததுபோல் விவரித்து, "இன்னொரு தடவை செல்ஃப் அடிச்சீங்க, கனெக்டிங் ராடு வளைஞ்சிடும்" என்று எச்சரித்தார். சிலிண்டருக்குள் நீர் புகுந்தால் பிஸ்டனால் அதை அமுக்கமுடியாது, ராடுதான் வளையும். முழுக்க உண்மை. ஆனால் அன்று மே மாதம், மழை பெய்து வெகுநாளாகியிருந்தது.

மாடிவீட்டு அம்மையார் எலி என்றார். பானெட்டைத் திறந்து தேடியதில் ஒரு வேர்க்கடலைத் தோல் கிடைத்தது. வயர்கள் அனைத்தும் நலம். இன்னொருவர் எத்தனாலைக் குறை சொன்னார். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும், நீர் மிகுந்தால் எத்தனாலோடு சேர்ந்து தனியாகப் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும், பம்ப் அதைத்தான் உறிஞ்சும் என்று வரைபடம் போட்டுக் காட்டினார். மாதாப்பூர் மென்பொருள் இளைஞர் ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள பதினாறு முள் சொருகியில் ஒரு கருவியை மாட்டி, கைபேசியில் பார்த்து, "கோடே வரல அங்கிள், வண்டில பிரச்சினையே இல்ல" என்று அறிவித்தார். கும்பகோணத்திலிருந்து அம்மா போனில், "போன ஆயுதபூஜைக்கு எலுமிச்சம்பழம் வச்சியா இல்லியா?" என்றார்.

எட்டாவதாக வந்த மெக்கானிக் ஒருவர்தான் காருக்குக் காது கொடுத்தார். சாவியை ஆன் நிலையில் வைக்கச் சொல்லி, பின் சீட்டருகே காதை வைத்து, பம்ப் இரண்டு விநாடி 'ஊம்' என்பதைக் கேட்டார். "பம்ப் கலாஸ் சாப்" என்றார். இதே மாடலுக்குப் 'பர்ஸோ' ஒன்று மாற்றியதாகவும் சொன்னார். பர்ஸோ என்றால் அகராதியில் முந்தாநாள். ஐதராபாத் தக்கினியில் அது கழிந்துபோன எந்த நாளாகவும் இருக்கலாம். ஞாயிறு ராணிகஞ்சில் உதிரிபாகக் கடை இருக்காது, நாளை பார்க்கலாம் என்று போய்விட்டார்.

இங்கே ஆய்வாளர் கவனிக்க வேண்டியது: எட்டில் ஒரு கருத்தும் தவறில்லை. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு காருக்குச் சரி. சொன்னவரின் சொந்தக் காருக்கோ, கடைசியாகக் கழற்றிய காருக்கோ.

11.30-க்கு வாட்ச்மேன் திரும்ப வந்தார். தினமும் அந்தக் கார் கீழே டீக்கடைப் பக்கம் சமதளத்தில் நிற்கும், நேற்று இரவுதான் இடமில்லாமல் மேட்டில் மூக்கைத் தூக்கி நின்றது என்று அவர் மட்டும் பார்த்திருந்தார். கீழே தள்ளலாம் என்றார். தெலுங்கில் 'உந்தி' என்றால் 'இருக்கிறது', தமிழில் 'தள்ளி'. காலையில் தெலுங்கில் சொன்ன பொய் பகலில் தமிழில் மெய்யாயிற்று. நியூட்ரலில் போட்டு, பிரேக்கில் காலை வைத்துக்கொண்டு, எல்லோருமாக உந்தி டீக்கடைக்குக் கொண்டுபோனோம்.

சமதளம் வந்ததும் கால் டேங்க் காட்டிய முள் சிவப்புக்கு இறங்கியது. சரிவில் இருந்த கொஞ்சம் பெட்ரோல் மிதவை இருக்கும் மூலைக்கு ஓடியிருக்கிறது. அதனால் முள் கூடுதலாகக் காட்டியது. பம்ப் இருக்கும் மூலைக்குக் கிடைத்தது காற்று. குழாயில் மிச்சமிருந்த பெட்ரோலே அந்தப் 'புர்புர்'. மூன்றாவது கிர்ரில் கார் கிளம்பியது. பங்க்கில் 10 லிட்டர் போட்டதும் இருமலும் நின்றது.

எட்டுப் பேரில் யாரும் கருத்தைத் திரும்பப் பெறவில்லை. தள்ளிய குலுக்கலில் பாயிண்ட் சரியாகியிருக்கும் என்பது வங்கி அதிகாரியின் துணிபு. வாசகர்களில் எவருக்கேனும் ஒன்பதாவது கருத்து இருந்தால் எழுதி அனுப்பலாம். கூடவே, தாங்கள் வைத்திருக்கும் காரின் பெயரையும் அது கடைசியாக எதனால் நின்றது என்பதையும் மறக்காமல் குறிப்பிடவும்.