ஏணிக்காரர்

ஏற்காட்டில் ஒரு தரைத்தள வீட்டுச் சுவரில் ஆண்டு முழுக்க ஏணி சாத்தியிருந்தால், உள்ளே ஏணிக்காரர் குடியிருக்கிறார் என்று தெரிந்துகொள்ளலாம். பெயர் எதற்கு? ஒண்டிக்கடைப் பக்கமும் ஒருவர் இருக்கிறார், ஜெரினாக்காட்டிலும் இருக்கிறார், நாகலூர் பாதையில் இரண்டு மூன்று பேர் இருக்கிறார்கள். எல்லாரும் ஒரே மனிதர்தான்.

சேலத்தில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டே தேய்ந்து ஓய்வு பெற்றவர். சித்திரை வெயில் கீழே நாற்பது டிகிரியைத் தாண்டும்போது மேலே முப்பதைத் தொடுவதே அபூர்வம் என்று யாரோ சொன்ன கணக்கை நம்பி, இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்து ஒரு பழைய மங்களூர் ஓட்டு வீட்டை வாங்கினார். வெயில் கணக்கு சரிதான். கோடை மழைக் கணக்கைத்தான் பத்திரம் பதிகிற வரை யாரும் சொல்லவில்லை.

ஓய்வு பெற்றவர்கள் இந்த மலைக்கு வருவது புதிதல்ல. 1863இல் பல்லாவரத்தில் கற்கருவியைக் கண்டெடுத்து இந்தியத் தொல்பழங்கால ஆய்வுக்கே பிள்ளையார் சுழி போட்ட ராபர்ட் புரூஸ் ஃபூட் இங்கே வீடு வைத்திருந்தார். அவருடைய மாமனார், தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்த பெர்சிவல் பாதிரியாரும் கடைசிக் காலத்தில் இந்த ஊர்க்காரர்தான். ஃபூட் தரையைப் பார்த்தே நடந்து பேர் வாங்கினார். நம்மவர் நடப்பது அண்ணாந்து. அவர் காலில் கல் தடுக்கியதைப் பார்த்திருக்கிறேன். அது எந்தக் காலத்துக் கல் என்று அவர் குனிந்து பார்த்ததில்லை.

பங்குனி பிறந்ததும் அவருக்கு வேலை தொடங்கிவிடும். மதியம் வரை பளீரென்று வெயில். கீழே சமவெளி காய்ந்து சூடான காற்று மேலே ஏறும். மலை அதை இன்னும் கொஞ்சம் மேலே தள்ளிவிடும். மூன்று மணி வாக்கில் சேர்வராயன் கோயில் பக்கம் கறுத்துக்கொண்டு வரும். பிறகு காற்று, இடி, சில நாள் ஆலங்கட்டி. ஒரு மணி நேரத்தில் எல்லாம் ஓய்ந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி வெயில் திரும்பவும் அடிக்கும். இதில் ஏணிக்காரரின் நேரம் இரண்டிலிருந்து மூன்று வரை. சாப்பிட்ட கை ஈரம் காயுமுன் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஏறிவிடுவார். தலையில் குரங்குக் குல்லா. சட்டைப்பையில் எம்-சீல், டார்ச், பழைய பிளேடு ஒன்று. வானொலியில் "சேலம் மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை, பலத்த காற்று" என்று சொன்னால், அந்த ஓரிரு இடங்களும் தன் வீட்டு முன்கூரையும் பின்கூரையும்தான் என்று எடுத்துக்கொள்வார்.

இதனால் ஊரோடு அவருக்கு ஒத்துப்போகாது. ஏற்காடு காப்பியில் பிழைக்கிற ஊர். சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் 1820களில் காப்பிச் செடியைக் கொண்டுவந்த நாளிலிருந்து, மாசி பங்குனியில் ஒரு நல்ல மழை விழாதா என்று தோட்டக்காரர்கள் வானத்தைப் பார்க்கிறார்கள். அதற்குப் பூ மழை என்று பேர். அது விழுந்த எட்டுப் பத்து நாளில் தோட்டமெல்லாம் வெள்ளையாகப் பூத்து, மல்லிகைத் தோட்டத்துக்குள் வந்துவிட்டோமோ என்று மூக்கு சந்தேகப்படும். அதுவே பொய்த்தால் அந்த வருட விளைச்சல் போச்சு. டீக்கடையில் ஒரு தோட்டக்காரர், "அருமையான மழைங்க, ஒரு மணி நேரம் நின்னு பேஞ்சுது" என்று பூரித்துக்கொண்டிருக்கும்போது பக்கத்து பெஞ்சில் ஏணிக்காரர் இழவு வீட்டுக்கு வந்தவர் முகத்தோடு உட்கார்ந்திருப்பார். "எங்க வீட்டிலேயும் ஒரு மணி நேரம்தாங்க" என்பார்.

ஓட்டைப் பற்றி அவரிடம் வாயைக் கொடுத்துவிடக் கூடாது. முதல் முறை போகிறவர்களுக்குக் காப்பிக்கு முன்னால் ஓர் உடைந்த ஓடு வரும். அதைத் திருப்பி அடிப்பக்கத்தைக் காட்டுவார். பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை என்று ஆங்கில எழுத்தில் புடைத்திருக்கும், கூடவே 1865 என்று ஓர் எண். "பார்த்தீங்களா, சிப்பாய்க் கலகம் வெடிச்சு எட்டு வருஷத்துல சுட்ட ஓடு!" அது மங்களூரில் அந்த மிஷன் பாதிரிமார்கள் தொழிற்சாலையைத் தொடங்கிய வருடம், அதற்குப் பிறகு பல காலம் அதே முத்திரையைத்தான் அடித்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லிப் பார்க்கலாம். காப்பி வராது.

ஒழுகல் அவருடைய தனி சாஸ்திரம். கூடத்தில் சொட்டுகிறது என்றால் நேர் மேலே உள்ள ஓட்டில் ஓட்டை என்று நினைப்பவர்களை அவர் மன்னிக்கவே மாட்டார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது முற்றிலும் சரி. முகட்டோட்டின் சாந்து வெடித்து இறங்கும் தண்ணீர் கைமரத்தைப் பிடித்துக்கொண்டு பத்தடி நடந்து, ஓர் ஆணி தட்டுப்படும் இடத்தில்தான் கீழே குதிக்கும். இரண்டு கூரை சேரும் கூடுவாயில் சில்வர் ஓக் சருகு அடைத்தால் தண்ணீர் தேங்கி, ஓட்டுக்கு அடியில் பின்னோக்கி ஏறும். காற்று அடித்து மழை சாய்ந்தாலோ, உடையாத ஓட்டின் இடுக்கிலும் சாரல் புகுந்துவிடும். இவ்வளவும் தெரிந்தவர், ஒழுகும் இடத்துக்கு நேர் மேலேதான் எம்-சீலை அப்பிவிட்டு வருவார். சாஸ்திரம் வேறு, சமாதானம் வேறு.

அவருக்கு எதிரிகள் இரண்டு பேர். முதலாவது, சில்வர் ஓக். காப்பிக்கு நிழலாகவும் மிளகுக்கொடிக்குக் கொழுகொம்பாகவும் வைத்த ஆஸ்திரேலிய மரம். நெடுநெடுவென்று வளரும், காற்றில் கிளை பொசுக்கென்று முறியும். வெட்டிவிடலாம் என்றால் முடியாது. மலைப்பகுதியில் மரத்தில் கை வைக்க அனுமதி வேண்டும். 1955லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். ஆகவே வருடத்துக்கு ஒரு மனு எழுதி, நகல் எடுத்து, தேதி போட்டுக் கோப்பில் வைக்கிறார். அலுவலக நாட்களின் சுகம் அதில் கொஞ்சம் கிடைக்கிறது.

இரண்டாவது, குரங்கு. கூரைக்குக் கூரை தாவும்போது ஓடு நகரும். அடியில் பல்லியோ பூச்சியோ இருக்கும் என்று தோன்றினால் அதைப் புரட்டியும் பார்க்கும். ஏணிக்காரர் கவண்கல் வைத்திருக்கிறார். குரங்குக் குல்லாவோடு கூரைமேல் நின்று கவணைச் சுழற்றும்போது, தெருவில் போகிற சுற்றுலாப் பயணிகள் எதைப் படம் எடுக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாது.

பக்கத்து வீட்டுக்காரருக்குத் தகரக் கூரை. அவர் இத்தனை படித்தவரில்லை. ஷீட் பறக்காமலிருக்க மேலே நாலு மணல் மூட்டையும் ஒரு பழைய லாரி டயரும் ஏற்றியிருக்கிறார். அதைப் பார்த்து ஏணிக்காரர் தலையில் அடித்துக்கொள்வார். "வெயில்ல தகடு விரியும், திடீர்னு மழை பட்டதும் சுருங்கும், அதனால போல்ட் ஓட்டை பெரிசாகும், வாஷர் வெடிக்கும். அதை மாத்துய்யா! காத்து மேலேருந்து அழுத்தறதில்லே, உறிஞ்சித் தூக்குது. ஓரத்து போல்டைத்தான் நெருக்கமாப் போடணும்." அத்தனையும் உண்மை. பக்கத்து வீட்டுக்காரர் கேட்டுக்கொண்டு, "சரிங்க சார்" என்று இன்னொரு டயரை ஏற்றுவார்.

ஏணிக்காரர் வீட்டுக்குள் நிலவரம் வேறு. அவர் மனைவி கூரையைப் பார்ப்பதே இல்லை. எந்த மூலைக்கு எந்தப் பாத்திரம் என்பது அவருக்குப் பாடம். பூஜை அறைக்குப் பித்தளைக் குண்டான், கூடத்துக்கு நீல வாளி, கட்டில் காலடிக்குப் பழைய குக்கர். குக்கருக்குள் ஒரு துண்டை மடித்துப் போட்டுவிடுவார். சொட்டுச் சத்தம் கேட்காது, தூக்கம் கெடாது. முதல் இடி இடித்ததும் மூன்றையும் அதனதன் இடத்தில் வைத்துவிட்டு வாசலுக்கு வந்து, மேலே பார்க்காமலே குரல் கொடுப்பார்: "ஏங்க, இடி இடிக்குது, இறங்குங்க. அந்த எம்-சீல் எங்கேயும் ஓடிடாது."

போன வருடம் வைகாசியில் ஓட்டு வேலைக்காரர் ஒருவரைக் கூப்பிட்டார்கள். வயதானவர், செருப்பைக் கீழேயே விட்டுவிட்டு, ஒரு சாக்கும் சின்னப் பலகையும் எடுத்துக்கொண்டு ஏறினார். ஓட்டின் நடுவில் கால் வைக்கவே இல்லை. ஓடும் ஓடும் மேலேறிச் சேரும் இடம், அதாவது அடியில் ரீப்பர் தாங்குகிற இடம் பார்த்துத்தான் மிதித்தார். கூடுவாயில் இருந்த சருகை ஒரு கூடை அள்ளிப் போட்டார். முகட்டுச் சாந்தைக் கொத்திவிட்டுப் புதிதாகப் பூசினார். உடைந்த ஓடுகளைக் கழற்றி வரிசையாக மண்ணில் அடுக்கியபோது ஏணிக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மேற்பார்வை செய்தார்.

"எல்லாம் இந்தக் குரங்கு பண்ற வேலை."

"இல்லைங்க சார்."

"பின்னே?"

"குரங்கு உடைச்சா மூலை போகுங்க, இல்லாட்டி ஓடு நகர்ந்திருக்கும். இதெல்லாம் நட்ட நடுவுல ரெண்டாப் போயிருக்குது பாருங்க. இது எழுபது கிலோ குரங்குங்க."

உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டதாகச் சொல்கிறார்கள். ஏணிக்காரர் கூலியைக் கொடுத்தார், பேரம் பேசவில்லை. அந்த வருடம் மிச்ச மழைக்கெல்லாம் நீல வாளி பாத்ரூமிலேயே இருந்தது. ஏணி மட்டும் சுவரை விட்டு நகரவில்லை. இந்த வருடம் பங்குனியில் பார்த்தால், நம்மவர் மேலே. அவர் கையில் ஒரு சாக்கும் ஒரு சின்னப் பலகையும். காலில் செருப்பு.

ஏற்காட்டில் ஓட்டு வீடு வாங்க நினைக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தை மாசியிலேயே, பூ மழைக்கு முன்னால், தொழில் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டுக் கூடுவாயைச் சுத்தம் செய்து முகட்டைப் பூசச் சொல்லுங்கள். அதே அளவு ஓடு ஐம்பது அறுபது வாங்கிக் கொல்லையில் அடுக்கி வையுங்கள். பழைய முத்திரை ஓடு பின்னால் தேடினால் கிடைக்காது, வேறு கம்பெனி ஓடு அதோடு பொருந்தாது. பாத்திரம் எங்கே வைப்பது என்பதை வீட்டு அம்மாளிடம் விட்டுவிடுங்கள். வீட்டோடு ஏணியும் சேர்த்துத் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால், அதை மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.