அக்டோபர் முதல் தேதிக்காரர்

மெடிக்கல் கோடர் என்பவர், அமெரிக்க மருத்துவர் எழுதிய நோயாளிக் குறிப்பைப் படித்து, அங்குள்ள இன்ஷூரன்ஸ் கம்பெனி பணம் தருவதற்கு ஏற்ற எழுத்தும் எண்ணுமாக அதை மாற்றித் தருபவர். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, சேலம் போன்ற ஊர்களில் மிகுதியாகக் காணப்படுகிறார். மைக்ரோபயாலஜி, நர்சிங், பார்மசி, பிசியோதெரபி என்று எதைப் படித்தவரும் இந்த இனத்தில் சேரலாம். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும். கையில் செல்போன் இருக்காது. வேலை செய்யும் தளத்துக்குள் நுழையும் முன்பே அது லாக்கருக்குப் போய்விடும். கடல் கடந்த நோயாளியின் ரகசியத்தை ஹிப்பா என்ற அமெரிக்கச் சட்டம் இவருடைய லாக்கர் வரை வந்து காக்கிறது.

இவருடைய தொழில் என்னவென்று உறவினர்களுக்குத் தெரியாது. ‘கோடிங்’ என்ற பாதி மட்டும் காதில் விழுந்தவர்கள், “ஜாவாவா, பைத்தானா தம்பி?” என்பார்கள். ‘மெடிக்கல்’ என்ற பாதி விழுந்தவர்கள் மாத்திரைச் சீட்டை நீட்டுவார்கள். கல்யாணப் பந்தியில் பெரியம்மா, “முட்டி வலி தாங்கலடா” என்றால், மற்றவர்கள் தைலம் சொல்வார்கள், இவர் மட்டும், “வலதா இடதா பெரியம்மா?” என்று கேட்பார். “ரெண்டும்தான்” என்று பதில் வந்தால் இவருக்குள் ஒரு பெரிய ஆராய்ச்சியே தொடங்கிவிடும். தேய்மானம் என்று மருத்துவர் எழுதியிருந்தால் இரண்டு முட்டிக்கும் சேர்த்து எம்17.0 என்ற ஒரே கோடு போதும். வெறும் வலி என்றால் வலதுக்கு எம்25.561, இடதுக்கு எம்25.562 என்று தனித்தனியே போட வேண்டும். பெரியம்மாவுக்கு இதில் எந்தப் பயனும் இல்லை. ரசம் வந்துவிடும்.

கோடு போட்டால் ரோடு போடுகிறவனை ஊர் மெச்சும். இந்தத் தொழிலில் கோடு போட்டால் கோட்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். மருத்துவர் எழுதாததை ஊகிக்கக் கூடாது. ‘நிமோனியாவாக இருக்கலாம்’ என்று எழுதினால், வெளிநோயாளிக்கு அதை நிமோனியாவாகக் கணக்கில் எடுக்க முடியாது. இருமல், காய்ச்சல் என்று அறிகுறிகளைத்தான் போட வேண்டும். அதே சந்தேகம் படுக்கையில் சேர்ந்த நோயாளியின் டிஸ்சார்ஜ் குறிப்பில் இருந்தால், நோய் இருப்பதாகவே கொண்டு கோடு போட வேண்டும். ஒரே ‘இருக்கலாம்’, கட்டிலைப் பொறுத்து ‘இருக்கிறது’ ஆகிவிடுகிறது.

இவர் கையாளும் ஐசிடி-10 தொகுதி அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்தது 2015 அக்டோபர் 1-ல். முதலில் 2013 என்றார்கள், பிறகு 2014 என்றார்கள். நாள் குறித்த கல்யாணம் இரண்டு முறை தள்ளிப்போனால் சமையல்காரர் படும் பாட்டை, முன்கூட்டியே பயிற்சி முடித்துக் காத்திருந்தவர்கள் பட்டார்கள். பழைய தொகுதியில் நோய்க்கோடுகள் சுமார் 14,000. புதியதில் ஏறத்தாழ 70,000. வாத்து மோதிக் காயம்பட்டால் டபிள்யூ61.62, மாடு முட்டினால் டபிள்யூ55.22, மாமியார் வீட்டாருடன் ஒத்துப்போகாவிட்டால் இசட்63.1. காயக் கோடுகளுக்கு ஏழாவது எழுத்து ஒன்று உண்டு: சிகிச்சை நடக்கும்போது ஏ, ஆறிவரும்போது டி, ஆறியபின் மிஞ்சும் கோளாறுக்கு எஸ். வாத்துக்கும் மாட்டுக்கும் இது பொருந்தும். மாமியார் கோட்டுக்குக் கிடையாது. ஆறிவரும் கட்டம் என்று ஒன்றை அங்கே யாரும் எதிர்பார்க்கவில்லை போலும்.

தமிழருக்குப் புத்தாண்டு சித்திரையில். கோடருக்கு அக்டோபர் 1. அன்று நோய்க்கோடுகள் மாறும். ஜனவரி 1-ல் சிகிச்சைக் கோடுகள் மாறும். எந்தக் கோட்டுடன் எந்தக் கோட்டைச் சேர்த்துப் போடக் கூடாது என்ற பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். இடையில் கொரோனா வந்தபோது அதற்கான யு07.1 வழக்கத்துக்கு மாறாக 2020 ஏப்ரல் 1-ல் வந்து சேர்ந்தது. இடுப்பு வலிக்கான எம்54.5, 2021 செப்டம்பர் 30 இரவு வரை செல்லுபடியாகி, மறுநாள் மூன்றாகப் பிரிந்தது. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து அந்தச் செய்தியைப் படித்தவரின் சொந்த இடுப்பு வலியும் அன்றிலிருந்து எம்54.50 ஆயிற்று.

எல்லாவற்றிலும் பெரிய அடி சீனியர்களுக்கு விழுந்தது. மருத்துவர் எத்தனை கேள்வி கேட்டார், எத்தனை உறுப்புகளைப் பரிசோதித்தார் என்று 1995, 1997 விதிகளின்படி எண்ணி, கிளினிக் வருகைக்கு நிலை சொல்வது அவர்களுடைய தனி வித்தை. விரலே மடக்காமல் எண்ணுவார்கள். 2021 ஜனவரி 1 முதல் எண்ணிக்கை வேண்டாம், சிகிச்சை பற்றி முடிவெடுப்பதன் சிக்கலையோ செலவிட்ட நேரத்தையோ பார்த்தால் போதும் என்றாகிவிட்டது. 99201 என்ற கோடே நீக்கப்பட்டது. நேற்று சேர்ந்த ஃப்ரெஷரும் இருபது வருட அனுபவசாலியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து அரிச்சுவடி படித்தார்கள்.

நேரத்தைப் பார்ப்பதாவது எளிதா என்றால், அங்கும் இரண்டு கடிகாரங்கள். கிளினிக்குக்குப் புதிதாக வந்த நோயாளிக்கு மருத்துவர் கூடுதல் நேரம் செலவிட்டால், அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் 99417 கோடு 75-வது நிமிடத்தில் கிடைத்துவிடும். அமெரிக்க அரசின் காப்பீடான மெடிகேர் அதை ஏற்காது. ஜி2212 என்ற தன் சொந்தக் கோட்டை 89-வது நிமிடத்தில்தான் தரும். எண்பது நிமிடம் பேசிய மருத்துவர் ஒரு கணக்கில் தாராளமானவர், மறு கணக்கில் சராசரி. இவ்விரண்டுக்கும் மேலே கிளையண்ட் அனுப்பும் மின்னஞ்சல் இருக்கிறது. அது எந்தத் தேதிக்கும் காத்திருப்பதில்லை.

இத்தனைக்கும் நடுவே தரம் 95 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பது பல அலுவலகங்களின் எதிர்பார்ப்பு. வேலையைச் சரிபார்க்கும் ஆடிட்டர் பிழை கண்டால், கோடர் ரிபட்டல் என்ற மறுப்பு எழுதுவார். சாதாரணமாக வாய் திறக்காத பிள்ளைகூட அதில் வக்கீலாகிவிடும். “இது போன காலாண்டு வரை சரி” என்பது வாதம். “இது இந்தக் காலாண்டு” என்பது தீர்ப்பு. சிபிசி என்ற கோடர் சான்றிதழ் வாங்கியவருக்கும் நிம்மதி இல்லை. இரண்டு ஆண்டுக்கு 36 கல்விப் புள்ளிகள் சேர்த்தால்தான் அது உயிரோடு இருக்கும். ஆகவே ஞாயிற்றுக்கிழமை வெபினாரில் யாரோ பேசிக்கொண்டிருப்பார். இவர் பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருப்பார்.

புதியதைக் கற்றவர் பழையதை மறக்கலாம் என்றால் அதுவும் இல்லை. எந்த ஆண்டின் கோடு என்பதை வேலை செய்யும் நாள் தீர்மானிப்பதில்லை. நோயாளி சிகிச்சை பெற்ற நாள் தீர்மானிக்கிறது. சார்ட் எனப்படும் நோயாளிக் குறிப்பு போன வருடத்தையது மறுக்கப்பட்டுத் திரும்பி வந்தால், செத்துப்போன விதிகளை எழுப்பி உட்காரவைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். அதனால் எந்த ஆண்டின் கோடுப் புத்தகத்தையும் இவர் எடைக்குப் போட மாட்டார். பரண் நிறைந்து, வீட்டில் சண்டை வரும்.

2025-ல் சரஸ்வதி பூஜையும் அக்டோபர் 1-ம் ஒரே நாளில் விழுந்தன. பூஜையில் வைத்த புத்தகத்தை அன்று படிக்கக் கூடாது. புதிய கோடுகளையோ அன்றுதான் போடத் தொடங்க வேண்டும். கோடர்கள் புத்தகத்துக்குச் சந்தனம் வைத்துவிட்டு, கம்ப்யூட்டரில் பிடிஎஃப்பைத் திறந்துகொண்டார்கள். பூஜையில் இருந்த 2025 பதிப்பு முந்தைய நள்ளிரவோடு காலாவதியாகியிருந்தது. ஆனாலும் விஜயதசமி முடிந்ததும் அதையே எடுத்துப் புரட்டினார்கள். செப்டம்பர் மாதச் சார்ட்டுகள் இன்னும் வந்துகொண்டிருந்தன.