தோள் தட்டும் தோழமை

ஏப்ரல் 14 வந்தால் ஐடி கம்பெனிகளுக்கு ஞானம் பிறந்துவிடுகிறது. அம்பேத்கர் படம் போட்ட மின்னஞ்சல் வருகிறது. மார்ச் 8 என்றால் ரோஜாப்பூவும் கேக்கும். 'வாய்ப்புக் கிடைக்காத சகாக்களுக்குத் தோள் கொடுப்போம்' என்று மனிதவளத் துறை ஒரு மணி நேரம் வகுப்பெடுக்கிறது. மேலாளர் அதில் வாங்கிய சான்றிதழை லிங்க்ட்இன்னில் போட்டு, 'நெகிழ்ந்துபோனேன்' என்று எழுதுகிறார்.

அடுத்த வாரம் அப்ரைசல். கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார்கள்.

"நல்ல பையன்தான். கம்யூனிகேஷன் கொஞ்சம் வீக். அடுத்த வருஷம் பாத்துக்கலாம்."

தீபாவளி ராத்திரி சர்வர் படுத்தபோது வீட்டுக்குப் போகாமல் எழுப்பி நிறுத்தியவன் அந்தப் பையன்தான். அன்று அவனுடைய அரசுப் பள்ளி ஆங்கிலம் யார் காதையும் உறுத்தவில்லை.

"அந்தப் பொண்ணுக்குக் கைக்குழந்தை இருக்கு. பாவம், எதுக்குச் சுமை?"

அவளை யாரும் கேட்கவில்லை. பாவம் பார்த்தே அவள் புராஜெக்டைப் பறித்தாகிவிட்டது.

"இவன் நம்ம பையன். இவங்க அப்பாவை எனக்குத் தெரியும்."

ஆன்சைட் உறுதி. இதற்குத் தகுதி, திறமை என்று பெயர்.

கூட்டம் முடிந்து வெளியே வந்த மேலாளர், பையன் தோளைத் தட்டி, "நான் எப்பவும் உன் பக்கம்தாம்ப்பா" என்கிறார். தட்டிய கை சட்டைக்குள் பூணூல் தட்டுப்படுகிறதா என்று ஒரு தடவு தடவிவிட்டுத்தான் இறங்குகிறது.

அமெரிக்கா போனால் இதெல்லாம் இருக்காது என்பார்கள். 2023-ல் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடைசெய்து சட்டம் போட வேண்டிவந்தது. விசா வாங்காமலே போய் இறங்கியிருக்கிறது சாதி.

அரசு வேலையில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பதவி உயர்விலும் இடஒதுக்கீடு தர, 1995-ல் அரசியல் சட்டத்தையே திருத்தினார்கள். தனியார் துறையில் அந்தப் பேச்சு எழுந்ததும் தொழிலதிபர் சங்கங்கள் பதறின. 'சட்டமெல்லாம் எதற்கு? நாங்களே மனமுவந்து செய்கிறோம்' என்று 2006-ல் நடத்தை விதி எழுதிக் கொடுத்தன. மனம்தான் இன்னும் உவந்தபாடில்லை.

ஐயா, உங்கள் நெகிழ்ச்சி யாருக்கு வேண்டும்? கதவு சாத்திய அறையில் அந்தப் பையனின் பெயரை நீங்கள் சொல்லுங்கள். அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். பதவி உயர்வு பெற்றவர்கள் எந்தெந்தச் சாதி, எத்தனை பேர் பெண்கள் என்று கணக்கை வெளியே வையுங்கள். முடியாதென்றால் தோளிலிருந்து கையை எடுங்கள். தனியார் துறை இடஒதுக்கீட்டுக்குக் குறுக்கே நிற்காதீர்கள்.