மண்டப வாசல் பேனரில் மாப்பிள்ளை முகம் உடைவது குறித்து: பெரும்பாக்கம் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

டிஜிட்டல் படத்துக்கு நீள அகலம் கிடையாது. அதற்கு இருப்பது பிக்சல் கணக்கு மட்டும். 4000-க்கு 3000 பிக்சல் கொண்ட படம் போன் திரையிலும் அதேதான், எட்டடி பேனரிலும் அதேதான். அடியும் அங்குலமும் அச்சடிக்கும்போதுதான் வந்து சேர்கின்றன. கல்யாண வீடுகள் இதை இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. செம்மொழித் தமிழாய்வு மத்திய நிறுவனமே இருக்கும் பெரும்பாக்கத்தில் பேனரியலுக்குத் தனித்துறை இல்லாதது ஒரு குறைதான்.

ஆய்வுக்களம் மண்டப வாசல், சாலை அல்ல. 2019 செப்டம்பரில், பக்கத்துப் பள்ளிக்கரணையில், கல்யாணத்துக்காகச் சாலை நடுவே கட்டிய பேனர் விழுந்து, ஸ்கூட்டரில் போன இளம்பெண் லாரியில் அடிபட்டு இறந்தார். சாலை பேனரை வேடிக்கையாகப் பேச இந்த வட்டாரத்தில் யாருக்கும் மனம் வராது.

அச்சுக்கூடங்கள் கேட்கும் 300 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 300 பிக்சல், என்ற எண் எங்கிருந்து வந்தது? ஒரு பாகையை அறுபதாகப் பகுத்தால் கிடைக்கும் கோணத்துக்குக் கீழே உள்ள இடைவெளியை, சராசரிக் கண் பிரித்தறியாது. ஓரடி தூரத்தில் அது சுமார் 0.09 மில்லிமீட்டர், அங்குலத்துக்கு ஏறத்தாழ 300 பிக்சல். ஆக, இது கையில் பிடித்துப் புரட்டும் ஆல்பத்துக்கான கணக்கு. தூரம் இரட்டித்தால் தேவை பாதியாகும்.

இனி மாப்பிள்ளை. பேனருக்கு வரும் அவர் படம் பல நேரம் வாட்ஸ்அப் டிபியை ஸ்க்ரீன்ஷாட் எடுத்ததாக இருக்கும். டிபி சுமார் 640-க்கு 640 பிக்சல். அதை எட்டடிக்கு, அதாவது 96 அங்குலத்துக்கு, இழுத்தால் அங்குலத்துக்கு 7 பிக்சல்கூடத் தேறாது. ஒவ்வொரு பிக்சலும் கொத்தமல்லி விதை பருமனுக்கு வந்துவிடும். மென்பொருள் இடைவெளிகளை ஊகித்து நிரப்புவதால் கட்டம் கட்டமாகத் தெரியாது. புருவமும் மீசையும் கரைந்து முகம் வழவழப்பாகும். அதே பேனரின் அடியில் ‘வாழ்த்தும் நண்பர்கள்’ வரிசையில் ஆறு அங்குலத்துக்கு ஒருவர் நிற்கிறார். அவர் கொடுத்ததும் டிபிதான். ஆனால் அவருக்கு அங்குலத்துக்கு 106 பிக்சல் கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடியின் பளபளப்புவரை தெளிவு. முக்கியத்துவம் கூடக் கூட முகம் மங்கும் என்பதைப் பேனரியலின் முதல் விதியாகக் கொள்ளலாம்.

நண்பரை மூன்றடியில் நின்று ரசிக்கலாம். மாப்பிள்ளை தெளிவாகத் தெரிய 43 அடி பின்னால் போக வேண்டும். அந்த இடத்தில் பெரும்பாலும் ஷேர் ஆட்டோ நிற்கும். உறவினர்களோ பேனரை ஒட்டி நின்று செல்ஃபி எடுக்கிறவர்கள்.

பேனர் கடையில் நடக்கும் உரையாடல் ஏறக்குறைய மாறாதது. “அண்ணே, போட்டோ உடையுதுண்ணே. ஒரிஜினல டாக்குமெண்ட்டா அனுப்புங்க.” “அதையே 300 டிபிஐ ஆக்கிக்கோ தம்பி!” இந்தப் பதில் ஒரு சடங்கு. கோப்பில் டிபிஐ என்பது வெறும் சீட்டு. 72-ஐ அழித்து 300 என்று எழுதினால், அந்த 640 பிக்சலும் இரண்டு அங்குலச் சொச்சத்துக்குள் அச்சாகச் சம்மதிக்கும், அவ்வளவே. எட்டடிக்கு இழுத்ததும் பழைய கதைதான். கடைக்காரர் சொன்னதுதான் அறிவியல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் 12 மெகாபிக்சல் படத்தின் நீண்ட பக்கம் 1600 பிக்சல் அளவுக்குச் சுருங்கும். டாக்குமெண்ட்டாகப் போனால் அப்படியே போய்ச் சேரும்.

போனை மாற்றுவதும் நினைத்த அளவுக்கு உதவாது. 12 மெகாபிக்சல் 48 ஆனால் பரப்புதான் நான்கு மடங்கு, அகலம் இரண்டே மடங்கு. போதாக்குறைக்கு, 108 மெகாபிக்சல் என்று விற்கும் போனும் ஒன்பது பிக்சலை ஒன்றாகச் சேர்த்து, வழக்கமாக 12-ஆகத்தான் சேமிக்கிறது. ஏஐ கொண்டு பெரிதாக்கும் செயலிகள் இல்லாத விவரத்தைக் கண்டுபிடித்துத் தருகின்றன. முகம் கூர்மையாகும், ஆனால் அது மாப்பிள்ளையின் முகம்தானா என்பதைப் பெண் வீட்டார்தான் சொல்ல வேண்டும்.

எஞ்சியிருப்பது தாத்தா படம். பேனர் மூலையில் ‘தெய்வத்திரு’வாக இடம்பெறும் இவரை, கூடத்துச் சுவரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும்போதே போனில் எடுப்பது மரபு, நெற்றியில் விபூதிக்குப் பக்கத்திலேயே ட்யூப் லைட்டும் பதிவாகும். படத்தைச் சட்டத்திலிருந்து எடுத்து 600 டிபிஐயில் ஸ்கேன் செய்வதே முறை. இங்கே மட்டும் டிபிஐக்கு உயிர் உண்டு, ஏனெனில் தாத்தா காகிதத்தில் இருக்கிறார். 4-க்கு 6 அங்குலப் படம் 2400-க்கு 3600 பிக்சலாகும். அதை 2-க்கு 3 அடியாகப் பெரிதாக்கினாலும் அங்குலத்துக்கு 100 தேறும். மூன்றடி தூரத்துக்கு இது போதும். சந்தன மாலை போட்டதும் மார்புக்குக் கீழே எதுவும் தெரியாது என்பதால், அந்தப் பகுதியின் கறைகளை ஃபோட்டோஷாப்பில் துடைக்கத் தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை.